ஏலகிரி போன இடத்தில் "கட்டிக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு

வேலூரில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். ஆல்பம் பேச வரும் ஜோடிகளில் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: சனி, ஞாயிறு லீவில் ஏலகிரி போனோம், முன்கூட்டி எதுவும் நினைக்கவில்லை, திடீரென்று கேட்டுவிட்டான். சில ஜோடிகளில் கேட்டது பெண்ணாக இருக்கும். மனசில் தோன்றிய நிமிஷத்தில் கேட்பதைத் தவறென்று நான் சொல்லவே மாட்டேன். கேட்ட பிறகுதான் தவறு நடக்கிறது. மோதிரம் விரலில் ஏறவில்லை, பேச்சு குழறியது என்பதெல்லாம் யாருக்கும் நஷ்டம் இல்லாதவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொண்டை ஊசி வளைவில் வேண்டாம்

அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே போக 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். பாரி பெயர் போட்ட பலகைக்குக் கீழே கேட்கலாம் என்று வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். பின்னால் வரும் பஸ் திரும்ப அந்த இடம் முழுக்கத் தேவை. மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டுக் கேளுங்கள்.

ஜலகம்பாறை அருவி

மழைக்குப் பிறகு போங்கள். கோடையில் வெறும் பாறை.

நண்பர்கள் சூழ நின்று

எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது ஒரு பெண்ணால் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்ல முடியுமா? தலையாட்டி வைப்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புங்கனூர் ஏரிப் பக்கம் இருவர் மட்டும் போய்ப் பேசுங்கள்.

ஸ்டேட்டஸ்

எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். பையன் ஆம்பூர், பெண் ராணிப்பேட்டை. சாயங்காலம் ஏரிக்கரையில் கேட்டான், அவள் சரி என்றாள். இருட்டுவதற்குள் இருவர் கையும் சேர்ந்த படம் அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. அவனோடு வேலை செய்கிற ஒருவர் வழியாக அது குடியாத்தத்தில் இருக்கும் பெண்ணின் அத்தைக்குப் போனது. அத்தை உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டார்: "என்னண்ணா, மாப்பிள்ளை முடிவு பண்ணிட்டியாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

பெண்ணின் அப்பா அப்போது மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தாராம். மகள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தெரியும். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருந்தா அந்த மாசமே பூ வெச்சிருப்பேன். என் தங்கச்சி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

நிச்சயம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றது. முகூர்த்தம் முடிந்து குடும்பப் படம் எடுக்கும்போது பெண்ணின் அப்பா வரிசையின் ஓரத்தில் நின்றார். தோள் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் உள்ள வாங்க சார்" என்றேன். ஒரே ஒரு அடி வைத்தார். அந்தப் படத்தில் பெண்ணுக்கும் அவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம்.

அதனால் சொல்கிறேன். மலையில் கேட்டதை மலையிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள். அன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் போடவும் வேண்டாம், "எங்கிருந்து பேசற, யாரோட இருக்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும், கல்யாணப் பேச்சு ஊர் சுற்றிய பஞ்சாயத்தாக மாறிவிடும். ஊர் திரும்பி, ஒரு வாரநாள் சாயங்காலம், அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு நேரில் சொல்லுங்கள். அம்மாவிடம் முதலில் சொன்னால் இன்னும் நல்லது. அவரவர் வீட்டில் அவரவர்தான் சொல்ல வேண்டும், நண்பனை அனுப்பக் கூடாது. நண்பர்களுக்குச் சொல்வது அதற்கும் பிறகு.

வள்ளிமலை

காட்பாடி தாண்டி வள்ளிமலைக்குப் போய்க் கேட்கிறவர்களும் உண்டு. முருகனே வேடனாக, வேங்கை மரமாக, கிழவராக வந்து வள்ளியைக் கேட்ட இடம், வீட்டுக்குச் சொல்லிவிட்டா கேட்டார் என்பார்கள். கதை அதோடு முடியவில்லை. வள்ளியை அழைத்துக்கொண்டு போனவரைத் துரத்தி வந்த அவள் அப்பா நம்பிராஜனும் பிள்ளைகளும் விழுந்துபட, நாரதர் சொல்கேட்டு அவர்களை எழுப்பி, ஊருக்கே திரும்பிப் போய், நம்பிராஜன் கையால் தாரை வார்த்துக் கொடுத்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

"திங்கட்கிழமையே பதிவு பண்ணிடலாம்"

அந்த வேகத்தில் இறங்கி வருகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பையனுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே தமிழ்நாட்டில் செல்லும். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் நிறைவேற்றிய சட்டம் இருக்கிறது. கல்யாணம் முடிந்து 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் பொறுக்க வேண்டும். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். அது ஒட்டப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.