தண்டர்பேர்டில் மெயில் வரவில்லையா? அக்கவுண்டை நீக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

போனில் மெயில் வந்திருக்கிறது, கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைத் திறந்தால் காணோம். உடனே பலர் செய்வது, அக்கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில அமைப்புகளில் உங்கள் பழைய மெயில்கள் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். நீக்கினால் திரும்பக் கிடைக்காது.

முதல் படி: பிரவுசரில் பாருங்கள்

உங்கள் மெயில் கணக்கை பிரவுசரில் திறந்து, வராத அந்த மெயிலைத் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் தண்டர்பேர்ட் மீது தவறில்லை. ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள், இடம் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, மெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவும் போட்டோஸும் அதில்தான் பங்கு போடுகின்றன. போட்டோக்களே அதை நிரப்பிவிட்டால் புது மெயில் வருவது நின்றுவிடும்.

பிரவுசரில் இருக்கிறது, தண்டர்பேர்டில் மட்டும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: ஐமேப்பா (IMAP), பாப்பா (POP)?

அக்கவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் கணக்கின் கீழ் சர்வர் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதன் மேல்வரியிலேயே சர்வர் வகை தெரியும். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, நீங்கள் பார்ப்பது அதன் நகல். ஒரு இடத்தில் படித்தாலும் அழித்தாலும் எல்லா இடத்திலும் அது தெரியும். பாப் என்றால் மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். ‘சர்வரில் மெயிலை விட்டுவை’ என்ற பெட்டியில் டிக் இல்லாவிட்டால், இறங்கிய பிறகு சர்வரிலிருந்து அழிந்தும்விடும். ‘வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கிற மெயில் போனில் இல்லையே’ என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அப்படியே போர்ட் எண்ணையும் (சர்வரின் எந்த வாசல் வழியாக நுழைவது என்று சொல்லும் எண்) பாருங்கள். எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் பாதுகாப்புடன் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995. அனுப்புவதற்கு 465 அல்லது 587.

மூன்றாம் படி: சர்வருக்குள் நுழைய முடிகிறதா?

தண்டர்பேர்டின் அடியில் இடது மூலையில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். தெரியாமல் அதில் கை பட்டு ஆஃப்லைனுக்குப் போயிருக்கலாம். ஒரு முறை கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்க மறுக்கிறது என்றால், அதுவும் ஜிமெயில் என்றால், கூகுள் 2022 மே மாதம் செய்த மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து இதுபோன்ற மென்பொருள்கள் நுழைவதை அப்போது நிறுத்திவிட்டார்கள். சர்வர் செட்டிங்ஸில் ஆத்தென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் ‘ஓஆத்2’ (OAuth2, கூகுளின் லாகின் பக்கம் வழியாகவே நுழையும் முறை) என்று மாற்றுங்கள். தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் லாகின் ஜன்னல் வரும். அது வந்து உடனே மறைந்தால், பிரைவசி அமைப்பில் குக்கீ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி சர்வருக்கும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். இதை மறந்தால் மெயில் வரும், அனுப்ப மட்டும் முடியாது.

செர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) பிழை வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும்; சர்வரின் செர்டிஃபிகேட் செல்லாதது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: இன்பாக்ஸ் வருகிறது, மற்ற ஃபோல்டர் வரவில்லை

வங்கி மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஜிமெயிலில் ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? தண்டர்பேர்ட் வழக்கமாகப் புது மெயிலுக்கு இன்பாக்ஸைத்தான் பார்க்கும். மற்ற ஃபோல்டரில் வந்தது, அதை நீங்கள் கிளிக் செய்யும்வரை தெரியாது. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், புது மெயில் எடுக்கும்போது இதையும் எப்போதும் பார் என்ற பெட்டியில் டிக் போடுங்கள்.

ஃபோல்டரே கண்ணில் படவில்லை என்றால், கணக்கின் பெயரில் ரைட் கிளிக் செய்து சப்ஸ்கிரைப் பட்டியலைத் திறந்து டிக் போடுங்கள். ஜிமெயிலில் லேபிள் என்று அழைக்கப்படும் அந்த ஃபோல்டருக்கு ‘ஐமேப்பில் காட்டு’ என்பதும் இருக்க வேண்டும்.

ஆனால் எல்லா ஃபோல்டருக்கும் டிக் போட்டுவிடாதீர்கள். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள்தான் தரும். பல ஃபோல்டர்களைப் பார்க்க தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை எடுத்துக்கொள்ளும். வீடு, அலுவலகம், போன், டேப்லெட் என்று சேர்ந்தால் வரம்பு தாண்டும். மெயில் சில நேரம் வரும், சில நேரம் வராது. சர்வர் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் அந்த 5-ஐ 2 ஆகக் குறைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பட்டியல் குழம்பியிருந்தால்

தலைப்பு தெரிகிறது, உள்ளே காலி. எல்லாம் படித்த பிறகும் 3 படிக்காதவை என்று காட்டுகிறது. இது அந்த ஃபோல்டரின் இண்டெக்ஸ், அதாவது மெயில்களின் பட்டியல் கோப்பு, கெட்டதன் அடையாளம். பிராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் என்ற பட்டனை அழுத்துங்கள். ஐமேப்பில் இது சர்வரிலிருந்து மறுபடி இறக்கும், அதனால் பெரிய ஃபோல்டர் என்றால் நேரமெடுக்கும். டூல்ஸில் ஆக்டிவிட்டி மேனேஜரைத் திறந்துவைத்தால் வேலை நடப்பது தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஃபோல்டர் போதும். ஜிமெயிலில் ஐமேப் வழியாக ஒரு நாளில் 2500 எம்பி வரைதான் இறக்கலாம், தாண்டினால் கணக்கை கொஞ்ச நேரம் தடுத்துவைப்பார்கள்.

இங்கே மட்டும் கவனம்

சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு விஷயங்கள் உண்டு. ‘கடைசி 30 நாள் மெயிலை மட்டும் சிங்க் செய்’ என்பதால் ஆபத்தில்லை; பழையவை சர்வரில் பத்திரமாக இருக்கும். அதற்குக் கீழே, டிஸ்க் இடம் மிச்சமாக ‘இத்தனை நாளுக்கு மேற்பட்டவற்றை அழி’ என்று இருக்கிறது பாருங்கள், அது சர்வரில் உள்ள அசலையும் சேர்த்தே அழிக்கும். ‘எதையும் அழிக்காதே’ என்பதே தேர்வாகி இருக்கட்டும்.

எதுவும் சரிவரவில்லையா?

இப்போது அக்கவுண்டை நீக்கலாம், ஐமேப்பாக இருந்தால் மட்டும். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் தண்டர்பேர்ட் உங்கள் மெயில்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரைத் திறங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் காப்பி எடுங்கள். ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் நீங்கள் நகர்த்திவைத்த மெயில்கள் சர்வரில் இருக்காது, இந்தக் காப்பியில்தான் இருக்கும். அப்புறம் நீக்கிச் சேருங்கள். பழைய மெயில்கள் எல்லாம் வந்துசேர்ந்ததைப் பார்த்த பிறகும் அந்தக் காப்பியைச் சில வாரம் அழிக்க வேண்டாம்.