மீட்சியியலில் ஆராய்ச்சி செய்யும் கணிதக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைக்கு உட்பட்டு உருமாறி மீண்டும் பழைய வடிவுக்கு வரும் பொருள்களைப் படிக்கும் துறையான மீட்சியியலில் பிஎச்.டி. செய்ய வரும் கணித மாணவர்கள் சமன்பாட்டில் அதிகம் சறுக்குவதில்லை. எல்லை நிபந்தனைகளில்தான், அதாவது பொருளின் விளிம்பில் எது பொருந்த வேண்டும் என்ற விதிகளில்தான், சறுக்குகிறார்கள். பெரியவர்களே தடுமாறிய இடம் இது. அதிரும் தகடுகள் பற்றிய ஆய்வுக்காக 1816இல் சோஃபி ஜெர்மேன் பாரிஸ் அகாதமியின் பரிசைப் பெற்ற பிறகும், பிடிப்பில்லாத விளிம்பில் எதை நிபந்தனையாக வைப்பது என்ற கேள்வி தீரவில்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் மூன்று நிபந்தனைகள் சொன்னார். சமன்பாடோ நான்காம் வரிசை, ஒரு விளிம்புக்கு இரண்டுதான் செல்லும். முறுக்குத் திருப்புத்திறனையும் குறுக்கு விசையையும் ஒன்றாகச் சேர்த்து அதை இரண்டாக்கியவர் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப், 1850இல். எனவே பழைய கட்டுரையிலிருந்து எல்லை நிபந்தனையை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ஆற்றலை எழுதி, மாறுபாடு எடுத்து, பகுதி பகுதியாகத் தொகையிடுங்கள். விளிம்பில் மிஞ்சும் உறுப்புகளே இயல்பான நிபந்தனைகள்.

அடுத்தது மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும் சின்ன விஷயம்: சறுக்குத் திரிபில் (பொருளின் கோணம் சாய்வதை அளக்கும் உருமாற்றத்தில்) வரும் 2. டென்சரில் இருக்கும் சறுக்குத் திரிபைப் பொறியாளர்கள் ஆறு எண்களாக அடுக்கும்போது இருமடங்காக்கி எழுதுவார்கள். இரண்டையும் கலந்துவிட்டால் நிரலில் சறுக்கு விறைப்பு தவறாகிவிடும். ஆனால் அச்சு வழியாக இழுக்கும் சோதனையில் சறுக்கே இல்லாததால் விடை சரியாகவே வரும், பிழை ஒளிந்துகொள்ளும். அதே துண்டை 30 பாகை திருப்பி வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லாத் திசையிலும் ஒரே தன்மையுள்ள பொருளென்றால் நீட்சி மாறக் கூடாது. மாறினால் அந்த 2-ஐத் தேடுங்கள். அதன் பின் வட்டத் துளையுள்ள தகட்டை எடுங்கள்: இழுக்கும்போது துளையின் ஓரத்தில் அதிகபட்சத் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), தொலைவில் உள்ளதைப் போல் 3 மடங்கு வர வேண்டும். தகட்டின் அகலம் துளையின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும்.

உள்நோக்கிய செங்கோண மூலையில் மெஷ்ஷை (கணக்கிடப் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அது நிரல் பிழை அல்ல. கோட்பாடே அங்கு முடிவிலி என்கிறது. அந்த உச்ச மதிப்பை அட்டவணையில் போடுவதுதான் தவறு. மூலையிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராகத் தகைவை, இரு அச்சிலும் மடக்கை அளவில் வரைந்தால் சரிவு சுமார் −0.455 வர வேண்டும். சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.

ரப்பரைக் கணக்கிடுபவர்கள் பாய்சான் விகிதத்தை (இழுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்ற அளவை; 0.5 என்றால் கன அளவு மாறாது) 0.4999 என்று போட்டுவிட்டு மெஷ்ஷின் துண்டாக எளிய முக்கோண எலிமென்ட்டைப் பயன்படுத்தினால் பொருள் கல்லாகச் சமைந்துவிடும். இடப்பெயர்ச்சி மிகக் குறைவாக வரும். அழுத்தத்தைத் தனி மாறியாக வைக்கும் கலப்பு முறைக்கு மாறுங்கள்.

நேரியலற்ற பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு பொறி. ஆற்றலைக் குவிவுச் சார்பாக எடுத்தால் தீர்வு உண்டு என்று நிறுவுவது சுலபம். ஆனால் கன அளவு பூச்சியத்தை நெருங்கும்போது ஆற்றல் முடிவிலியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அது ஒத்துப்போகாது. 1977இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் பால் (John Ball), குவிவை விடத் தளர்வான ‘பாலிகன்வெக்ஸ்’ கருத்தின் வழியாகக் காட்டிய பாதையை அறியாமல் எழுதிய நிறுவல் நடுவர் மேசையைத் தாண்டாது.

இனி, வேலையை வெளியே கொண்டுவருவதில் நேரும் தவறு. மெல்லிய உருளைகள் கோட்பாடு சொல்லும் சுமையில் ஒரு சிறு பங்கிலேயே ஏன் மடங்கிப் போகின்றன என்பதற்கு, வடிவத்தில் உள்ள மிகச் சிறு குறைகளே காரணம் என்று டச்சுப் பொறியாளர் கோய்ட்டர் 1945இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் கொடுத்த ஆய்வேட்டில் விளக்கினார். அது டச்சு மொழியில் இருந்தது. நாசாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல்தான் வந்தது. போர்க்கால ஹாலந்தில் அவருக்கு அது நேர்ந்தது. இன்று ஆய்வேட்டுக்குள்ளேயே முடிவைப் புதைத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைத்த ஓராண்டுக்குள் முக்கிய முடிவை மட்டும் பிரித்து ஒரு கட்டுரையாக்கி, முடிந்தால் ஏற்கெனவே வெளியான அளவீடுகளோடு ஒப்பிடும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது என்பதும் முக்கியம். 1957இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஃபார் ரேஷனல் மெக்கானிக்ஸ் அண்ட் அனாலிசிஸ்’ என்ற ஆய்விதழ் தேற்றத்தைப் பார்க்கும். இயந்திரவியல் இதழ்கள் அந்தத் தேற்றத்தால் எந்தக் கட்டமைப்பு, எந்தச் சுமையில், எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கணிதத் துறைக்கும் பொறியியல் துறைக்கும் ஒரே ஆராய்ச்சி அறிக்கையை அனுப்பாதீர்கள்: முன்னதில் தேற்றம் முதல் பக்கத்திலும், பின்னதில் அளவீட்டோடு ஒப்பிட்ட படம் முதல் பக்கத்திலும் இருக்கட்டும்.