திருட்டு முழி

வெளியே போய்விட்டு வந்தால் செருப்பு கந்தலாகக் கிடக்கும். நாய் காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்க்கும். "செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியுது பாரு" என்று சொல்லாதவர் யார்? நானும் பல வருடம் அதையே சொல்லி, வந்ததும் வராததுமாக ஓர் அதட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். "தின்னக் கூடாது" என்று தீனியைக் காட்டிச் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போய்விடுவார்; திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில முறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். தின்றதற்கும் அந்தத் திருட்டு முழிக்கும் சம்பந்தமே இல்லை, திட்டு விழுந்தால் முழி வந்தது, அவ்வளவுதான். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாக முழித்தன. ஆக, மூன்று மணி நேரம் கழித்துத் திட்டினால், நாம் வீட்டுக்கு வருவதே ஆபத்து என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

மலைப்பாதையில் குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று செல்போனோடு கிட்டே போகிறோம். அது பெரும்பாலும் பயம். வாயை அகலத் திறந்து முறைத்தால் மிரட்டல். இரண்டுக்கும் கண்ணைப் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்குவதுதான் சரி.

இருப்பதிலேயே மோசமான தவறு பூனை விஷயத்தில் நடக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வந்தோம், அந்தக் கோபத்தில் மெத்தையில் மூத்திரம் போய்விட்டது என்போம். அது சிறுநீர்ப்பை வீக்கமாக இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சொட்டுகூட வராமல் தவித்தால், 'ரோஷம்' தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம்மையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இருவர் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சின்னப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பெரிய முக்கோணத்தை ரவுடி ஆக்கிவிட்டார்கள். முக்கோணத்துக்கே குணம் கொடுப்பவர்கள், புருவத்தைத் தூக்கிப் பார்க்கும் நாயைச் சும்மா விடுவோமா?

அதற்காக, "ஐந்தறிவு ஜீவன், அதுக்கென்ன தெரியும்" என்று மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். பயம், வலி, குஷி எல்லாம் அதற்கும் உண்டு. செருப்பைப் பற்றிய மனசாட்சி உண்டா என்பதுதான் சந்தேகம்.

இப்போது செருப்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். நாய் துடைப்பத்துக்கு மாறிவிட்டது.