பயித்தங்காய் காய்க்கேல்லையோ? முதல்ல வெயிலைப் பாருங்கோ

எங்கட பிளாட்டில நாலாம் மாடி அன்ரி ஒருநாள் லிப்டுக்குள்ள வச்சு, "தம்பி, ஒருக்கா மேல வந்திட்டுப் போங்கோ, பயித்தங்கொடி நல்ல வடிவா வந்திருக்கு, பூவைத்தான் காணேல்ல" எண்டா. போய்ப் பாத்தன். கொடி எண்டா கொடி தான். இலை ஒவ்வொண்டும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை, கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி, பல்கனிக் கம்பியில ஏறி அஞ்சாம் மாடிக்காரர் உடுப்புக் காயப்போடுற கயிறு வரைக்கும் போயிட்டுது. நட்டு ரெண்டு மாசம் தாண்டியாச்சாம், ஒரு மொட்டுக்கூட இல்ல. என்ன போட்டனீங்கள் எண்டு கேக்க, "கிழமைக்கு ஒரு கரண்டி யூரியா, ஒரு கிழமையும் விட்டதில்ல" எண்டு பெருமையாச் சொன்னா. வெயில் எத்தினை மணித்தியாலம் விழுது எண்டு கேக்க, "விடிஞ்சா பொழுதுபட்டா நல்ல வெளிச்சம் தானே தம்பி" எண்டா.

வெளிச்சம் வேற, வெயில் வேற. கொழும்பில பிளாட்டில பயித்தங்காய் வைக்கிற பத்துப் பேரில ஏழெட்டுப் பேர் பிழைக்கிற இடம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். மற்றப் பிழை எல்லாம் இதுக்குப் பிறகு தான்.

பயித்தை வெயில்ல காய்ஞ்சு வளந்த சாதி. நாங்கள் அவிச்சுச் சாப்பிடுற கௌபியும் இதுவும் ஒரே இனம், ரெண்டுக்கும் தாவரவியல் பேர் விக்னா அங்குயிகுலாட்டா தான், காய் நீளமா வாற பிரிவுக்குப் பின்னால செஸ்குயிபெடாலிஸ் எண்டு ஒரு வால் வரும், ஒண்டரை அடி எண்டு அர்த்தம். நாளைக்குக் குறைஞ்சது ஆறு மணித்தியாலம் நேர் வெயில் இலையில படோணும். படாட்டி சாகாது, அதுதான் பிரச்சினையே, செத்தாலாவது விளங்கும். வெயிலைத் தேடி நீண்டுகொண்டே போகும், இலையை அகலமாக்கும், பூக்காது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கிற ஆக்கள் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. காலி வீதி கடலுக்குச் சமாந்தரமா வடக்குத் தெற்காப் போகுது, அதில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை எல்லாம் கிழக்கு மேற்கு, அப்ப ஒழுங்கையைப் பாத்துக் கட்டின பிளாட்டுகளின்ர பல்கனி ஒண்டில் வடக்கைப் பாக்கும் இல்லாட்டி தெற்கைப் பாக்கும். கொழும்பு மத்தியரேகைக்கு ஏழு பாகை வடக்கில இருக்கிறதால ஏப்ரல் முற்பகுதியிலயும் செப்டெம்பர் முற்பகுதியிலயும் சூரியன் மத்தியானம் உச்சந்தலைக்கு மேல வரும். ஏப்ரல் பிற்பகுதியில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் மத்தியான வெயில் வடக்குப் பக்கமாச் சரிஞ்சு விழும், செப்டெம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் தெற்குப் பக்கமா. அதால போன மார்கழியில காய்ச்ச அதே பல்கனியில, அதே வாளியில, இந்த வைகாசியில ஒண்டும் வரேல்ல எண்டா விதையைத் திட்டாதேங்கோ.

இன்னொரு விசயம், எங்கட சூரியன் உயரத்தில நிக்கிறதால மேல்மாடி சிலாப் வெயிலை மறைக்கும். சிலாப் 9 அடி உயரம் எண்டு வைப்பம், ஜூன்ல வடக்குப் பல்கனிக்குள்ள மத்தியான வெயில் ரெண்டரை அடி தான் உள்ளுக்கு வரும், டிசம்பர்ல தெற்குப் பல்கனிக்குள்ள அஞ்சடி வரைக்கும் வரும். நீங்கள் சுவரோட ஒட்டி வாளியை வச்சால் அதுக்கு ஒண்டும் கிடைக்காது. ஒரு சோக்கட்டியை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெயில் விளிம்பை நிலத்தில கீறி விடுங்கோ, பின்னேரம் பாத்தா எங்க வைக்கோணும் எண்டு நிலமே சொல்லும். அன்ரி வீட்டில நான் இதைச் செய்ய அவாவின்ர பேரன் கிளித்தட்டுக் கோடு கீறுறன் எண்டு நினைச்சு வந்து நிண்டவன். அங்க காலமை ஒண்டரை மணித்தியாலம் தான் வெயில். மொட்டைமாடிக்குப் போறதைத் தவிர வேற வழியில்ல எண்டு அப்பவே சொல்லிப்போட்டன். கடலுக்கு நேர் முன்னால இருக்கிற பிளாட் எண்டா மே மாசத்துக்குப் பிறகு தென்மேற்குக் காத்தோட உப்புத் தூவானமும் வரும், இலை விளிம்பு கருகும், அந்தக் காலத்தில பல்கனியில வைக்காமல் விடுறது புத்தி.

அடுத்தது யூரியா. இதில எனக்குக் கொஞ்சம் கோவமே வரும். பயித்தை அவரையினம், வேர்ல குட்டிக் குட்டி முடிச்சு இருக்கும், அதுக்குள்ள குடியிருக்கிற பக்டீரியா காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும், செடி அதுக்குச் சீனி குடுக்கும். யூரியாவில 46 வீதம் நைதரசன். அதைக் கிழமைக்குக் கிழமை கொட்டினா செடி ஏன் பக்டீரியாவுக்குச் சாப்பாடு போடப்போகுது, முடிச்சே வைக்காது, வந்த நைதரசன் முழுக்க இலைக்கும் கொடிக்கும் போகும், பூ பிந்தும், இளந்தண்டைக் கண்ட சந்தோசத்தில சாறு உறிஞ்சிற பேன் பூச்சி குடும்பத்தோட வரும். நான் பயிர் வைக்கத் தொடங்கினதே 2022ல, பெற்றோல் கியூ காலம், அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு சொன்ன வருசம். 2021ல ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு அந்த வருசம் நவம்பர்லயே எடுத்திட்டாலும் அதுக்குப் பிறகும் யூரியா எங்கட கைக்கு எட்டுற விலையில இல்ல. வேற வழியில்லாமல் மக்கின சாணியும் குசினிக் கொம்போஸ்ட்டும் மட்டும் போட்டு மொட்டைமாடியில வச்சனான். இண்டு வரைக்கும் அது போலக் காய்ச்ச கொடி எனக்கு வாய்க்கேல்ல.

முடிச்சு வேலை செய்யுதோ எண்டு பாக்கோணுமெண்டா, பூக்கிற நேரத்தில ஒரு வாளியில நெருக்கமா நிக்கிற மூண்டில ஒண்டைப் பலி குடுத்து மெதுவாப் பிடுங்கி வேரைக் கழுவுங்கோ. ஒரு முடிச்சை நகத்தால கீறினா உள்ளுக்கு ரோஸ் நிறம், கிட்டத்தட்ட இறைச்சி நிறம் இருக்கோணும். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை நடக்கேல்ல. வெறும் கொக்கோபீட்டில, அதுதான் தேங்காய்த் தும்புத்தூளில, நடுற ஆக்களுக்கு முடிச்சே இருக்காது, ஏனெண்டா அதுக்குள்ள அந்தப் பக்டீரியா இல்ல, கௌபியோ பயறோ விளைஞ்ச மண் ரெண்டு கைபிடி கலந்துவிட்டாப் போதும். கொக்கோபீட்டையும் நல்லா ரெண்டு மூண்டு தண்ணியில கழுவோணும், உப்பு இருக்கும்.

விதை விசயத்தில ரெண்டு பிழை. ஒண்டு, போஞ்சிப் பைக்கற்றை வாங்கிக்கொண்டு வந்து கொழும்பில போடுறது. ரெண்டும் ஒண்டு போலத்தான் இருக்கும் எண்டு நினைக்கினம். போஞ்சி வேற சாதி, அதுக்கு வெலிமடை, நுவரெலியாக் குளிர் தான் பிடிக்கும், எங்கட சூட்டில பூ பூத்துப் பூத்துக் கொட்டும். ரெண்டாவது, விதையை ராத்திரி முழுக்கத் தண்ணிக்குள்ள ஊறப்போட்டிட்டு விடிய நடுறது. கடலை இல்ல இது. பழைய காய்ஞ்ச விதை எண்டா ஒண்டு ரெண்டு மணித்தியாலம் போதும், புது விதை எண்டா ஊறவே தேவையில்ல, ஈர மண்ணில ஒரு இஞ்சி ஆழத்தில போட்டா மூண்டு தொடக்கம் அஞ்சு நாளில முளைக்கும். கப்பில முளைக்க வச்சுப் பிறகு புடுங்கி நடுறதும் வேண்டாம், ஆணிவேர் அறுந்தா கொடி ஒரு கிழமை முகம் சுளிச்சுக்கொண்டு நிக்கும். பழைய பெயின்ட் வாளி பெரிசு ஒண்டுக்கு ரெண்டு செடி, மிஞ்சினா மூண்டு. ஒரு அடி ஆழமாவது வேணும். அரை அடிச் சட்டியில அஞ்சு விதை போட்டவையின்ர படத்தைப் பாக்க எனக்கு மூச்சு முட்டும். இடம் இல்லாட்டி புஷிடாவோ எண்டு பத்தையா வளர்ற குட்டைச் சாதி இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கோ, கொடி கட்டுற வேலையும் மிச்சம்.

கொடிக்கு வழுவழுத்த பிவிசி பைப்பை நட்டு வச்சிட்டு ஏறேல்ல எண்டு சொல்லாதேங்கோ. மெல்லிசாச் சொரசொரப்பா இருக்கிற தும்புக் கயிறு தான் அதுக்குப் பிடிக்கும். கையால சுத்திவிடேக்க அது தானா எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே சுத்துங்கோ, மாறிச் சுத்தினா அடுத்தநாள் அவிட்டுக்கொண்டு தொங்கும்.

தண்ணி. விரலை மண்ணுக்குள்ள ரெண்டு இஞ்சி விட்டுப் பாருங்கோ, ஈரம் இருந்தா விடாதேங்கோ, அவ்வளவு தான். பூத்த பிறகு மட்டும் காயவிடக்கூடாது, காய்ஞ்சா பூவும் பிஞ்சும் கொட்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள புதுசா விதை போடுறது வீண், வாளி சேறாகி அழுகும். டிசம்பர்ல மழை குறையக்குறைய போட்டா ஜனவரி, பெப்ரவரி நல்ல வெயில் காலம் கிடைக்கும், தெற்குப் பல்கனிக்காரருக்கு அது கொண்டாட்டம்.

வாளிக்குக் கீழ தட்டு வச்சுத் தண்ணி தேங்க விடுறது செடிக்குக் கூடாது எண்டதை விட எங்களுக்குக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஏழு பத்து நாள் போதும். பீஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து தட்டைத் தூக்கிப் பாத்து உள்ளுக்குப் புழு நெளிஞ்சா பேந்து பயித்தங்காய் கறி இல்ல, கோட்டில வழக்குத் தான்.

முளைச்சு ரெண்டு மூண்டு கிழமையில நல்லா நிண்ட கண்டு திடீரெண்டு மஞ்சளாகி வாடினா எல்லாரும் தண்ணி காணாது எண்டு இன்னும் ஊத்துவினம். அடித்தண்டைப் பாருங்கோ, வீங்கி வெடிச்சிருந்தா அது அவரை ஈயின்ர வேலை. சின்னக் கறுத்த ஈ இளம் இலையில முட்டை வைக்கும், புழு தண்டுக்குள்ளால இறங்கி அடியில இருந்து தின்னும். பிடுங்கி எறியிறதைத் தவிர செய்ய ஒண்டுமில்ல. முதல் மூண்டு கிழமை பழைய நெற் கேட்டின் துண்டு ஒண்டால மூடி வைக்கிறதும், அடியில கொஞ்சம் மண் அணைச்சுவிடுறதும் தான் நான் செய்யிறது.

பூக்கத் தொடங்கினா எறும்பு வரும், உடனே எறும்பு மருந்தைத் தூக்காதேங்கோ. பூக்காம்பில, பூவுக்குப் பக்கத்தில, தேன் சுரக்கிற சின்னப் புள்ளிகள் இருக்கு, எறும்பு அதைக் குடிக்கத்தான் வருது. ஆனா எறும்பு இளந்தண்டு நுனியில கூட்டமா நிண்டா அந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கோ, கறுத்த மினுங்கலாப் பேன் பூச்சி அப்பியிருக்கும், அழுக்கணவன் எண்டும் சொல்லுவினம், அது கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும். இது தேமல் வைரசையும் காவிக்கொண்டு வரும், இலை பச்சையும் மஞ்சளுமாச் சுருண்டா அந்தக் கொடி அவ்வளவுதான். தொடக்கத்திலயே விரலால நசிச்சு, ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரச் சீவல் கரைச்சுப் பின்னேரம் இலைக்குக் கீழ்ப்பக்கம் படத் தெளியுங்கோ. வோஷிங் பவுடர் கூடாது, மத்தியான வெயிலுக்குள்ள தெளிக்கவும் கூடாது, ரெண்டும் இலையைக் கருக்கும்.

இனி பறிக்கிறது. இதில பிழைக்கிற ஆக்கள் பாவம், எல்லாம் சரியாச் செய்து கடைசியில கவிழுவினம். பூ விடியப்புறம் விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள சுருங்கிப்போகும், தேனீ வராட்டியும் பரவாயில்ல, தன்னிலயே கருக்கட்டும். அதில இருந்து பத்துப் பன்ரெண்டு நாளில காய் பறிக்கிற பதம். விதை உள்ளுக்குப் புடைக்க முதல், வளைச்சா டக்கெண்டு முறியிற நேரம். ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கட்டாயம் பறிக்கோணும். இன்னும் கொஞ்சம் நீளட்டும் எண்டு ஞாயிறு வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா காய் முத்தி, கொடி தன்ர வேலை முடிஞ்சுது, விதை வந்திட்டுது எண்டு பூக்கிறதைக் குறைச்சிடும். எங்கட அம்மா பிள்ளையள் எல்லாரும் வாறநாள் பறிப்பம் எண்டு விட்டு வச்சே ஒரு கொடியை முடிச்சவா.

பறிக்கேக்க இழுக்காதேங்கோ. காய் சோடி சோடியாத் தொங்கிற காம்பை வடிவாப் பாத்தா அதின்ர நுனியில கடுகளவு மொட்டு இன்னும் இருக்கும். அடுத்த சோடி அதிலயிருந்து தான் வரும். காம்போட பிச்சு எடுத்தா அதையும் சேர்த்து முறிக்கிறீங்கள், காயை மட்டும் கத்தரிக்கோலால வெட்டுங்கோ. அன்ரியின்ர புதுக் கொடி இப்ப மொட்டைமாடியில நிக்குது, யூரியாப் பையை நான் வாங்கிக்கொண்டு வந்திட்டன். முதல்முறை பறிச்ச பதினாலு காயையும் பால்கறி வச்சு ஒரு கோப்பை கீழ அனுப்பினவா, ஆனா காம்போட பிச்சுத்தான் எடுத்திருக்கிறா.

விதைக்கு எண்டு கொடியின்ர கடைசிக் காலத்தில, தேமல் இல்லாத கொடியில ரெண்டு காயை விடுங்கோ, தோல் காய்ஞ்சு கலகலக்கட்டும். உரிச்சு நிழல்ல நல்லாக் காயவிட்டுப் போத்தல்ல போட்டு மூடி ஒரு கிழமை பிரீசருக்குள்ள வையுங்கோ. வைக்காட்டி, காயிலயே வண்டு வச்சிட்டுப் போன முட்டை போத்தலுக்குள்ள பொரிக்கும், அடுத்தமுறை நடுவம் எண்டு திறக்கேக்க விதைக்கு விதை வட்டமா ஒரு ஓட்டை இருக்கும், கீழ மா கொட்டியிருக்கும்.