தினமும் ஓட்ட ஒரு நல்ல பழைய சைக்கிள் பாத்து வாங்குறது எப்படி

கடைக்கு போய்ட்டு வர, ட்ரெயின் புடிக்க ஸ்டேஷன் வரைக்கும் போக, இல்ல ஏழெட்டு கிலோமீட்டர்ல இருக்கற ஆபீஸுக்கு போகன்னு தெனமும் ஓட்டறவங்களுக்கு புது சைக்கிள் தேவையே இல்லங்கறது என் கருத்து. சென்னைல எந்த பழைய அபார்ட்மெண்ட் பார்க்கிங்க வேணா எட்டி பாருங்க, தூண் ஓரமா காத்து எறங்கி தூசி படிஞ்சு நாலஞ்சு சைக்கிள் நிக்கும், பசங்க வளந்து பைக்குக்கு மாறிருப்பாங்க, வீட்டுக்காரங்க இடத்த அடைக்குதேன்னு நெனச்சிட்டு இருப்பாங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டா எது யாரோடதுன்னு சொல்லிடுவாரு. ஓஎல்எக்ஸ்ல தேடறதுக்கு முன்னாடி இத செய்ங்க. முழுப்பரீட்சை முடிஞ்சு ஏப்ரல் மே மாசத்துல நெறய பேரு வீடு மாறுவாங்க, அப்போ கேட்டா கொறஞ்ச வெலைக்கே கெடைக்கும்.

ஒண்ண மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, சீட்டு, பெடல் எல்லாமே தெருமுனை கடைல மாத்திக்கற சாமான். ஃப்ரேமும், முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் தாங்கற ஃபோர்க்கும் அப்படி இல்ல, உங்க உயரமும் மாறப்போறது இல்ல. அதனால பெயிண்ட்டயும் ஸ்டிக்கரயும் விட்டுட்டு மொதல்ல சைஸ பாருங்க, அப்புறம் ஃப்ரேம பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

சைஸ் பாக்கறது ரொம்ப சுலபம். பார் வெச்ச சைக்கிளா இருந்தா பார ரெண்டு காலுக்கும் நடுவுல விட்டு, ரெண்டு காலயும் தரைல ஊனி நில்லுங்க, பாருக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சாவது இடைவெளி இருக்கணும், இல்லன்னா சிக்னல்ல சடார்னு எறங்கும்போது அடிபடும். அப்புறம் சீட்ல உக்காந்து ஒரு பெடல அடில கொண்டு வந்து அதுமேல குதிகால வைங்க, முட்டி நேரா நீளணும். ஓட்டும்போது பாதத்தோட முன்பக்கம் தான பெடல்ல இருக்கும், அப்போ முட்டி லேசா மடங்கும், அதுதான் சரியான உயரம். நம்ம ஊர்ல பாதி பேரு சீட்ட ரொம்ப எறக்கி வெச்சு முட்டிய மடக்கி மடக்கி மிதிச்சிட்டு, சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குதுன்னு விட்டுடறாங்க, பாக்க கஷ்டமா இருக்கும். சீட்ட ரெண்டு இஞ்ச் ஏத்தினாலே அதுல பல பேருக்கு அந்த வலி வராது.

இங்க தான் பழைய சைக்கிள்ல ஒரு சிக்கல் இருக்கு. சீட்டு போல்ட்ட லூஸ் பண்ணி சீட்ட ரெண்டு கையாலயும் புடிச்சு எடதும் வலதுமா முறுக்கி பாருங்க. கிரீச்சுனு சத்தம் போட்டாலும் பரவால்ல, திரும்புதா, மேல வருதான்னு பாக்கணும். பெசன்ட் நகர், திருவொற்றியூர், தூத்துக்குடி மாதிரி கடல் காத்து அடிக்கற ஊர்ல வருஷக்கணக்கா நின்ன சைக்கிள்ல சீட்டு கம்பி துரு புடிச்சு ஃப்ரேமுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அது வரலன்னா உயரம் மாத்தவே முடியாது, சுத்தியலால அடிச்சு எடுக்கறேன்னு போனா ஃப்ரேமே போயிடும். அதே மாதிரி ஹேண்டில் தண்டும் ஏறி எறங்குதான்னு பாத்துடுங்க. விக்கறவரு "அதெல்லாம் எதுக்குங்க, ஓடுதுல்ல"ன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

ஃப்ரேம பாக்கறப்போ ஹேண்டிலுக்கு கீழ குழாய்ங்க வந்து சேருற எடத்த விரலால தடவி பாருங்க. பெயிண்ட் சுருங்கி இருந்தாலோ முடி மாதிரி விரிசல் தெரிஞ்சாலோ முன்னாடி எங்கயோ பலமா மோதிருக்குன்னு அர்த்தம், வேண்டாம். அப்புறம் பின்னாடி ஒரு பத்தடி தள்ளி குத்த வெச்சு உக்காந்து பாருங்க, ஹேண்டில நேரா வெச்சா பின் சக்கரமும் முன் சக்கரமும் ஒரே கோட்டுல தெரியணும். பக்கவாட்டுல இருந்து பாக்கும்போது ஃபோர்க்கு பின்னாடி தள்ளின மாதிரி இருந்தாலும் வேண்டாம். மேலாப்புல இருக்கற துருவ பத்தி பயப்படாதீங்க, உப்புத்தாள் போட்டு தேச்சா போயிடும். பெடல் கூடு, அதாவது ரெண்டு பெடலயும் சேக்கற தண்டு சுத்தற குழாய், அது இருக்கற அடிப்பக்கம் மட்டும் நல்லா தட்டி பாருங்க, தண்ணி அங்க தான் தேங்கி உள்ளயே துரு புடிக்கும்.

இப்ப எந்த மாதிரி சைக்கிள்னு கேட்டா, தெனசரிக்கு நிமிந்து உக்காந்து ஓட்டற பழைய ரோட்ஸ்டர், இல்ல பார் எறக்கமா இருக்கற லேடீஸ் மாடல், இந்த ரெண்டும் தான் என் சாய்ஸ். லேடீஸ் மாடல்னு பேரு தான், வேட்டி கட்டறவங்களுக்கும், கால தூக்கி போட முடியாத வயசானவங்களுக்கும், பின்னாடி கேரியர்ல சாமான் கட்டறவங்களுக்கும் அது மாதிரி வசதி வேற இல்ல, ஆம்பளைங்க கூச்சப்படாம வாங்கலாம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் இருக்கற சைக்கிளா பாருங்க, தனித்தனியா வாங்கி மாட்டினா செலவு ஏறிடும்.

ஸ்கூல் பசங்க ஆசைப்படற குண்டு டயர், முன்னாடி பின்னாடி ஷாக் அப்சார்பர் வெச்ச மலிவு சைக்கிள மட்டும் தயவுசெஞ்சு தவிர்த்துடுங்க. வெயிட்டு ஜாஸ்தி, நீங்க மிதிக்கற தெம்புல ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்க அமுக்கறதுக்கே போயிடும், நாலு வருஷத்துல புஷ் தேஞ்சு பின்பக்கமே ஆட்டம் காணும். கியரும் சென்னை, தஞ்சாவூர் மாதிரி சமதளத்துக்கு அவசியம் இல்ல, குன்னூர் ஏற்காடு மாதிரி ஊர்ல இருக்கீங்கன்னா கண்டிப்பா வேணும். கியர் சைக்கிள் எடுத்தா ஒவ்வொரு கியரயும் போட்டு ஓட்டி பாருங்க.

கம்பெனிய பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் நம்ம அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸோடது, ஹீரோ லூதியானா கம்பெனி. அட்லஸ் 2020 ஜூன்ல சாஹிபாபாத் ஃபேக்டரிய நிறுத்திட்டாங்க, ஆனா பழைய அட்லஸ் வாங்கறதுல பிரச்சன இல்ல, சாதா ரோட்ஸ்டருக்கு உண்டான சாமான் எல்லாம் பொது சைஸ் தான். கவனிக்க வேண்டியது டயர் சைஸ். டயர் பக்கத்துல எழுதிருக்கும். 26 இன்ட்டு 1.95ம் 26 இன்ட்டு 1 3/8ம் ரெண்டுமே இருபத்தாறு தான்னு நெனப்போம், ஆனா ரிம் அளவு வேற, ஒண்ணுக்கு ஒண்ணு ஏறாது. ரோட்ஸ்டருக்கு 28 இன்ட்டு 1 1/2. அந்த நம்பர போட்டோ எடுத்து உங்க தெரு பஞ்சர் கடைல காட்டி இந்த டயர் கெடைக்குமான்னு கேட்டுட்டு அப்புறம் பணத்த குடுங்க.

சக்கரத்த தூக்கி சுத்தி விடுங்க, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவுல இருக்கற சந்து ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. லேசா கோட்டம் இருந்தா அந்த கோட்டத்த கடைல எடுத்துடலாம், ரிம்மே நசுங்கி இருந்தா மாத்தணும். போக்ஸ் கம்பிய ரெண்டு ரெண்டா சேத்து அமுக்கி பாருங்க, தொளதொளன்னு எதுவும் இருக்க கூடாது. முன் பிரேக்க புடிச்சு சைக்கிள முன்னும் பின்னும் அசைச்சா ஹேண்டில் கிட்ட லொடக்குன்னா அங்க இருக்கற பேரிங் கப்ப டைட் பண்ணணும், சின்ன வேலை தான். பெடல் மரைய மறக்காம பாருங்க, எடது பக்க பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும், அது தெரியாம யாராவது வலுக்கட்டாயமா ஏத்திருந்தா மரை தேஞ்சு கோணலா நிக்கும், அப்புறம் பெடல் மாட்டற அந்த கிராங்க் கம்பியயே மாத்தணும்.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். செயின் கண்ணிய இணைக்கற ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட சைபர வெச்சா பன்னெண்டாவது இஞ்ச்ல இன்னொரு பின்னோட நடு கரெக்டா வரணும். பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் தள்ளி போயிருந்தா செயின மாத்தணும், எட்டுல ஒரு பங்கு தள்ளி போயிருந்தா பல்லும் தேஞ்சிருக்கும், பின் சக்கரத்து பல்சக்கரமான ஃப்ரீவீலயும் சேத்து மாத்தற செலவ வெலைல கொறைக்க சொல்லுங்க.

பளபளன்னு இருக்கற இரும்பு ரிம்முல மழை பெஞ்சா பிரேக் நல்லா வழுக்கும், ஒயருக்கு பதிலா கம்பி வெச்ச ராடு பிரேக்ல இன்னும் மோசம். தெனமும் ட்ராஃபிக்ல போறவங்க முடிஞ்சா அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் இருக்கற வண்டியா எடுங்க, அதுக்காக கொஞ்சம் ஜாஸ்தி குடுத்தாலும் தப்பில்ல.

வெலைய பொறுத்தவரைக்கும் நான் வெச்சிருக்கற கணக்கு, சைக்கிள் வெலை, ரிப்பேர் செலவு ரெண்டும் சேந்து அதே மாடல் புதுசோட பாதி வெலைய தாண்ட கூடாது. வருஷக்கணக்கா நின்ன சைக்கிள்னா ரெண்டு டயரும் ட்யூபும் போச்சுன்னே வெச்சுக்கோங்க, ஓவராயில், அதாவது முழுசா பிரிச்சு மாட்டற சர்வீஸ் கூலியும் சேத்து கணக்கு போட்டுட்டு அப்புறமா பேரம் பேசுங்க. பதினொண்ணாம் கிளாஸ்ல கவர்மெண்ட் குடுக்கற சைக்கிளும் விலைக்கு வரும், படிப்பு முடிச்ச வீட்ல இருந்து வாங்குங்க, படிச்சிட்டு இருக்கற பிள்ளையோடத வாங்காதீங்க, அந்த பிள்ளை ஸ்கூலுக்கு நடந்து போக வேண்டி வரும்.

பில் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா ஃப்ரேம்ல, பெரும்பாலும் பெடல் கூட்டுக்கு அடில, அடிச்சிருக்கற நம்பர ஒரு வெள்ளத்தாள்ல எழுதி, இன்னாருக்கு இவ்ளோ ரூபாய்க்கு வித்தேன்னு விக்கறவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க. நம்பர தேச்சு அழிச்சிருந்தா எவ்ளோ மலிவா இருந்தாலும் தொடாதீங்க, ஏதோ ஒரு வீட்ல இருந்து திருடினதா இருக்கும்.

கடைசியா ஒரு கால் மணி நேரமாவது ஓட்டி பாருங்க, ஒரு பாலமோ மேடோ ஏறி எறங்குங்க. வாங்கினதும் மொத வேலையா கடைல விட்டு முன் பின் சக்கரம், பெடல் கூடு மூணுலயும் பேரிங் பால்ஸ் மாத்தி கிரீஸ் வெக்க சொல்லுங்க, ஒரு ரெண்டு வாரம் ஓட்டினதும் திரும்ப எடுத்துட்டு போய் போக்ஸ் கம்பியும், சக்கரத்துல பால்ஸ அழுத்தி புடிக்கற கோனும் ஒரு தடவ டைட் பாத்துக்கோங்க, புதுசா போட்ட பிரேக் ஒயரும் அதுக்குள்ள கொஞ்சம் இழுத்திருக்கும், அதயும் அப்பவே சரி பண்ணிக்கலாம்.