கியர் பாக்ஸை இறக்காமல் தீர்ந்த கோளாறு

படுக்கையும் அடுப்பும் பொருத்திய எங்கள் பழைய வேன், பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைச்சாலையில் முதல் கியருக்கு மாற மறுத்தது. ரிவர்ஸ் கியரோ கரகரவென்று பல்லைக் கடித்தது. பட்டறையில் கியர் பாக்ஸையே இறக்கச் சொன்னார்கள். ஆனால் என்ஜினை நிறுத்திய பிறகு எல்லா கியர்களும் இலகுவாக விழுந்ததால், கோளாறு கியர் பாக்ஸில் இல்லை, என்ஜினின் சுழற்சியை அதிலிருந்து துண்டிக்கும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றே எனக்குப் பட்டது. அடியில் படுத்து, ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் உருளை) ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் கறுத்த திரவம் மணிக்கட்டு வரை வழிந்தது. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இல்லாததால் (அது என் அதிர்ஷ்டம்) புதிய ரப்பர் சீல்களின் தொகுப்பே போதுமானதாயிற்று. டாட் 3 என்ற பிரேக், கிளட்ச் திரவத்தை ஊற்றி, மைத்துனர் கிளட்ச் பெடலை மிதித்துப் பிடிக்க, அவர் காலை எடுக்குமுன் ப்ளீடர் திருகை மூடிவிடும் கவனத்துடன், குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன். ரிவர்ஸ் இப்போது சத்தமின்றி விழுகிறது.