பாபநாசம் வரை சைக்கிள், அப்புறம் ரயில்

எங்கள் ஊர் திருக்கருகாவூர் பக்கம். வடக்கே ஆறு ஏழு கிலோமீட்டர் போனால் பாபநாசம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகும் ரயில் அங்கே நிற்கும். தெற்கே இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம் மிதித்தால் சாலியமங்கலம். அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பாதை. 1861-லேயே போட்ட பாதை அது. பஸ்ஸை மட்டும் நம்பினால் எங்கள் ஊர் ஒரு மூலையில் கிடக்கிற ஊர். சைக்கிள் இருந்தால் இரண்டு ரயில் பாதைக்கு நடுவில் இருக்கிற ஊர். டெல்டாவில் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். அங்கே இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு சைக்கிள், அப்புறம் ரயில், கும்பகோணத்தில் இறங்கியதும் இன்னொரு சைக்கிள். பல வருடமாக இப்படித்தான் போய் வருகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நிறுத்தம் என்பது. பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு பஸ் போய்விட்டால் அரை நாள் போனது. அதே ஆள் இன்னும் கால் மணி நேரம் கூடுதலாக மிதித்தால் மெயின் ரோட்டுக்கே வந்துவிடலாம். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். அதனால் வண்டி எங்கே நிறைய வருகிறதோ அங்கே போங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. டெல்டா ரோட்டில் மேடு என்று பார்த்தால் ஆற்றுப் பாலத்தில் ஏறுவது ஒன்றுதான். அவசரப்படாமல் மிதித்தாலே மணிக்கு 12 கிலோமீட்டர் போகலாம். 6 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம்.

இரண்டு ஸ்டேஷன் ஒரே தூரத்தில் இருந்தால், பக்கத்திலேயே பஸ்ஸும் நிற்கிற ஊரைப் பிடியுங்கள். இது முக்கியம். தஞ்சாவூர்–மயிலாடுதுறை ஒற்றை வழிப் பாதை. எதிர் ரயிலுக்கு வழி விட நிறுத்தினால் நம் ரயில் தாமதமாகும். பாபநாசம் மாதிரி ஊரில் ரயில் கைவிட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம். திரும்பும்போது எதில் வந்து இறங்கினாலும் சைக்கிள் நடந்து எடுக்கிற தூரத்தில் இருக்கும். ரயில் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷனில் சைக்கிளை விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினால், நீங்கள் ஓர் ஊரில், சைக்கிள் ஓர் ஊரில்.

சைக்கிளுக்குப் புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீட்டில் கொட்டகையில் துரு ஏறிக் கிடக்கிறது. அதைக் கடையில் கொடுத்து முழுசாக ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். பால்ரஸ் மாற்றி, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை புதிதாகப் போட்டால் அது ஸ்டேஷன் வண்டிக்குத் தாராளமாகப் போதும். கியர் வைத்த வண்டி நம் ரோட்டுக்கு அவசியமே இல்லை. சேறும் வைக்கோலும் முதலில் போய் அடைவது அந்தப் பல்லில்தான். மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றும் கட்டாயம் வேண்டும். செயின் கவர் இல்லாமல் புடவையோடு ஓட்டவே கூடாது. ஸ்டாண்ட் இரண்டு கால் ஸ்டாண்டாக இருக்கட்டும். ஒற்றைக் கால் என்றால் கூட்டமான கொட்டகையில் ஒருவர் வண்டி எடுக்கும்போது வரிசையே சாயும்.

பெரிய ஸ்டேஷன்களில் டூவீலர் ஸ்டாண்ட் இருக்கும். சைக்கிளுக்கு பைக்கைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். மாதப் பணமாகக் கட்டிவிட்டால் தினம் சில்லறை தேட வேண்டாம். கொட்டகையின் உள்பக்கம், தூண் ஓரமாக இடம் கேளுங்கள். பின் சக்கரப் பூட்டு மட்டும் போதாது, தூக்கிக்கொண்டு போய்விடலாம்; ஒரு சங்கிலியைச் சட்டத்தில் கோர்த்துத் தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். மட்கார்டில் பெயரைப் பெயின்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். பேட்டரி விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்ட் இல்லாத ஸ்டேஷன் என்றால் பக்கத்தில் சைக்கிள் கடையோ டீக்கடையோ இருக்கும். "அண்ணே, சாயங்காலம் வரைக்கும் வண்டி நிக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் விடுங்கள். மாதம் ஒரு தொகை கொடுங்கள், வேண்டாம் என்றாலும் கொடுங்கள். தீபாவளிக்கு இனாமும் வையுங்கள். நாள் முழுக்க அந்த வண்டியின் மேல் கண் வைத்திருப்பது அவர்தான்.

கும்பகோணத்தில் இரண்டாவது சைக்கிள் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்டேஷன் ஊருக்குத் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கடைத்தெருவுக்கு நடந்தால் நேரமாகும், தினம் ஆட்டோவில் போகக் கட்டுப்படியாகாது. முகூர்த்த நாள் வந்தால் பெரிய கடைத்தெருவில் ஆட்டோ நகரவே நகராது. சைக்கிள் மட்டும் சந்து சந்தாகப் புகுந்து போய்விடும். ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கும்பகோணம் பக்கத்து ஸ்டாண்டிலேயே நிறுத்துங்கள். இந்த வண்டி ராத்திரி முழுக்க அங்கேயே நிற்கும், ஊர் வண்டி பகலில் நிற்கும். அதனால் இரண்டில் எது கூடுதல் பழசோ அது இங்கே இருக்கட்டும். தொடர்ந்து லீவு வந்தால் கடைக் குடோனில் ஏற்றிவிட்டு வாருங்கள். முதலாளிகள் பொதுவாக மறுப்பதில்லை.

டிக்கெட்டுக்கு சீசன் எடுத்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு மாத சீசன் ஏறக்குறைய 15 தடவை ஒரு வழி போகிற கட்டணத்தில் முடிந்துவிடும், மாதம் முழுக்கப் போய் வரலாம். முன்பதிவுப் பெட்டியில் அதை வைத்து ஏறக் கூடாது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால் சிலர் ரயிலே வேண்டாம் என்கிறார்கள். மெயின் ரோட்டில் ஓடுகிற வெளியூர் பஸ்களில் பலவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறேன்.

நேரக் கணக்கில் கேட்டைச் சேருங்கள். டெல்டாவில் ரயில்வே கேட் தாண்டாமல் ஸ்டேஷன் போகிற வழி குறைவு. நாம் பிடிக்க வேண்டிய ரயிலுக்காகவே கேட்டைச் சாத்துவார்கள், நாம் இந்தப் பக்கம் நிற்போம். அடியில் குனிந்து சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கால் மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். எங்கள் ரோடு தெற்கு வடக்காகப் போகிறது. காலையில் வடக்கே போகும்போது நாம் இடது ஓரத்தில் போவோம், காற்று நம்மை ரோட்டின் நடுவுக்குத் தள்ளும். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது அதே காற்று வாய்க்கால் பக்கம் தள்ளும். ஆகவே காலையில் பின்னால் பஸ் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடியுங்கள். மூங்கில் தோப்பு, வீட்டு வரிசை முடிந்து வெட்ட வெளி தொடங்குகிற இடத்தில் காற்று பட்டென்று அறையும். உங்கள் ரோடு கிழக்கு மேற்காக இருந்தால் மேற்கே போகும் நாட்களில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குறுக்கு வழியை மறந்துவிடுங்கள். ஆற்றங்கரைப் பாதை வெயில் காலத்தில் எவ்வளவு சுகமோ, மழையில் அவ்வளவு சிரமம். எங்கள் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, வண்டியைத் தோளில் தூக்க வேண்டியதுதான். வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பெல்லாம் கரை மேல் வந்துவிடும், இருட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள். டைனமோ விளக்கு மழையில் டயரோடு வழுக்கி அணைந்துவிடும். பேட்டரி விளக்கு நல்லது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே துடைக்க ஒரு துணி. ஈரமான சீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க வேலை பார்க்க முடியாது. செயினுக்கு மழைக் காலத்தில் வாரம் ஒரு தடவை எண்ணெய் விடுங்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை. ரோட்டிலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். நெல் மேல் பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவர்கள் நெல்லுக்கும் மரியாதை. வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால் மிதிக்க மிதிக்க இறுகும், உடனே நிறுத்தி உருவி எடுங்கள். சீமைக் கருவேல முள்ளுக்கு காலம் நேரம் கிடையாது. பஞ்சர் ஒட்டுகிற பேட்ச், சொல்யூஷன், ஒரு துண்டு வால்டியூப், சின்னக் காற்றுப் பம்ப் இவற்றை ஸ்டாண்டில் விடாமல் பையிலேயே வையுங்கள்.

சைக்கிளையும் கூடவே ரயிலில் கொண்டு போகலாமா? சாதாரண சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது, இலவச எடைக் கணக்கிலும் வராது. பார்சல் அலுவலகம் இருக்கிற பெரிய ஸ்டேஷனில் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். பயண டிக்கெட்டோடு, ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பாவது போக வேண்டும், அது லக்கேஜ் வேனில் வரும். நீங்கள் போகாமல் சைக்கிளை மட்டும் அனுப்பினால் அது பார்சல், எந்த ரயிலில் இடம் கிடைக்கிறதோ அதில் போகும். தம்பி மகன் சென்னைக்குப் படிக்கப் போனபோது உழவன் எக்ஸ்பிரஸில் இப்படித்தான் கூடவே அனுப்பினோம். பெல், விளக்கைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரையும் சட்டத்தையும் சாக்கால் சுற்றிக் கட்டி, பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் தொங்கவிட்டோம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம். தினசரிப் பயணத்துக்கு இது சரிப்படாது.

மடக்குகிற சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை ஒரு உறையில் போட்டு ஏறுகிறார்கள். பெட்டிக்குள் கொண்டு போகிற சாமானுக்கு 100, 60, 25 சென்டிமீட்டர் என்று அளவு இருக்கிறது. வாங்கும் முன் மடித்து அளந்து பாருங்கள், பல மாடல்கள் தடிமனில் தாண்டிவிடுகின்றன. பஸ்ஸில் முழு சைக்கிளை ஏற்றுவதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கூரை மேல் கேரியரும் ஏணியும் இருந்த பஸ்கள் போய்விட்டன.

என் வயதுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள்; வயதானவர்களும் அதில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டிவிட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் தொடாமல் விட்டவர்கள் இரண்டு நாள் சாயங்காலம் கோயில் வீதியில் சுற்றினால் கால் தானாகப் பழகிவிடும். யாராவது ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

தொடங்குவது என்றால் வேலை நாளில் தொடங்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தினம் கொண்டு போகிற அதே பை, சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டிலிருந்து பிளாட்பாரம் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஸ்டாண்டில் சைக்கிளைப் பூட்டி, டிக்கெட் ஜன்னல் வரை நடந்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஸ்டாண்டை ராத்திரி எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் திரும்புகிற ரயிலுக்கு முன்னால் சாத்திவிடுவார்கள் என்றால் வேறு இடம் பார்த்துக்கொண்டு அப்புறம் மாதப் பணம் கட்டலாம்.